நெட் போனா ஓடும் டைனோசர்: ஒரே ஒரு பட்டன்தான், அப்புறம் ஏன் இவ்வளவு கஷ்டம்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம். எம்.ஜி. ரோட்டில் நம்ம மெட்ரோ ஏறியிருக்கிறீர்கள். மெஜஸ்டிக்கில் இறங்கி, ஊருக்குப் போகும் ரயிலைப் பிடிக்கணும். கப்பன் பார்க் வந்ததும் ரயில் சுரங்கத்துக்குள் போகிறது. போனில் திறந்து வைத்திருந்த பக்கம் பாதி லோட் ஆகி நிற்கிறது. அப்புறம் வெள்ளைத் திரை. இணைய இணைப்பு இல்லை என்று ஒரு வரி. அதற்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு குட்டி டைனோசர்.

நீங்கள் திரையைத் தட்டுகிறீர்கள். அது ஓடத் தொடங்குகிறது. கள்ளிச்செடி வருகிறது, தட்டுகிறீர்கள், தாண்டுகிறது. இன்னொன்று, இன்னொன்று. நாலாவதில் மோதி முடிந்துவிட்டது. "சே, இது ஈஸிதானே" என்று மறுபடி தட்டுகிறீர்கள். விதான சவுதா ஸ்டேஷன் எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை.

கற்றுக்கொள்ள மூன்று நொடிகூட ஆகாத ஒரு ஆட்டத்தில், பல வருஷம் ஆடியும் நம்மில் பெரும்பாலோர் சில ஆயிரம் புள்ளிகளைத் தாண்டுவதில்லை. ஏன்? இந்த ஆட்டத்தின் நிரல் திறந்த மூலமாகவே கிடைக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்தால் பதில் எண்களாகவே கிடைக்கும். அந்த எண்கள் இன்னொன்றையும் சொல்லும்: நம்மைச் சவாலுக்கு இழுக்கும் ஆட்டம் எது, நம்மைச் சுரண்டும் ஆட்டம் எது என்று.

இது எங்கிருந்து வந்தது?

2014-ல் கூகுள் குரோம் பிரவுசரின் வடிவமைப்புக் குழு உருவாக்கிய ஆட்டம் இது. செபாஸ்டியன் கேப்ரியல், ஆலன் பெட்டிஸ், எட்வர்ட் ஜங் ஆகியோர் இதில் முக்கியமானவர்கள். குழுவுக்குள் இதற்கு வைத்த பெயர் 'போலன்'. 'டி. ரெக்ஸ்' என்ற இங்கிலாந்து ராக் இசைக்குழுவின் பாடகர் மார்க் போலன் நினைவாக வைத்தது.

டைனோசர் எதற்கு? நெட் இல்லாமல் இருப்பது ஆதிகாலத்துக்குத் திரும்பிப் போவது மாதிரி என்கிற கிண்டல்தான். தொடக்கத்தில் டைனோசர் கர்ஜிக்கட்டுமா, காலால் உதைக்கட்டுமா என்றுகூட யோசித்திருக்கிறார்கள். கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓட்டம், தாவல் மட்டும் போதும் என்று முடிவு செய்தார்கள். 2014 செப்டம்பரில் வெளியானாலும், எல்லா வகைக் கருவிகளிலும் ஒழுங்காக ஓட அந்த ஆண்டு டிசம்பர் ஆனது.

இது நம்ம ஊருக்கு எப்படிச் சொந்தமானது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மாதம் 27 கோடி முறை இந்த ஆட்டம் ஆடப்படுவதாக 2018-ல் கூகுள் சொன்னது. நெட் நிலையாக இல்லாத, அல்லது டேட்டா விலை அதிகமான நாடுகளில்தான் அதிகம் ஆடுகிறார்களாம். அந்த வரிசையில் பிரேசில், மெக்சிகோ, இந்தோனேசியாவோடு இந்தியாவும் இருந்தது.

பெங்களூருவில் வேலை செய்பவர்களுக்கு இது புதுசா? கரண்ட் போய் ரூட்டர் அணைந்த ஒரு மத்தியானம், ஸ்டாண்ட்-அப் மீட்டிங் நடுவில் ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அனுபவம் இங்கே பலருக்கும் இருக்கும்.

இன்னொரு தகவல். உங்கள் ஆபீஸ் லேப்டாப்பில் டைனோசர் நிற்கிறது, ஆனால் ஓட மறுக்கிறதா? பழுதில்லை. பள்ளிப் பிள்ளைகளும் பெரியவர்களும் இதிலேயே மூழ்கிப்போனதால், நிறுவன அட்மின்கள் இதை முடக்கி வைக்க குரோமில் தனி வசதியே செய்ய வேண்டி வந்தது.

ஒற்றைப் பட்டன் ஆட்டம் என்றால் என்ன?

ஓடி, தாவி, தடைகளைத் தாண்டி முன்னேறும் வகையைப் பிளாட்ஃபார்ம் கேம் என்பார்கள். மரியோ ஞாபகம் இருக்கிறதல்லவா? அதில் இடது, வலது, தாவல் என்று குறைந்தது மூன்று வேலை. இடது வலதை எடுத்துவிட்டு, ஓட்டத்தை ஆட்டமே பார்த்துக்கொள்ளும் என்று வைத்தால் மிச்சம் ஒரே ஒரு பட்டன். தாவு, அவ்ளோதான்.

இதை உலகத்துக்குக் காட்டியவற்றில் முக்கியமானது 2009-ல் வந்த 'கனபால்ட்'. அமெரிக்காவின் ஆடம் சால்ட்ஸ்மன் உருவாக்கியது. குறைந்தபட்சம் எது இருந்தால் அது ஒரு கேம் ஆகும் என்பதை மையமாக வைத்த ஒரு சோதனை முயற்சிக்காகச் செய்தார். ஒரு மனிதன் கட்டடக் கூரைகள் மேலே ஓடுகிறான், நீங்கள் தாவ மட்டும் சொல்லலாம். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012-ல் முதன்முதலாக வாங்கிச் சேர்த்த 14 வீடியோ கேம்களில் இதுவும் ஒன்று. 'டெட்ரிஸ்', 'பேக்-மேன்' இருக்கும் வரிசையில் ஒற்றைப் பட்டன் ஆட்டமும் உட்கார்ந்தது.

2013-ல் வியட்நாமின் டோங் ங்குயென் உருவாக்கிய 'ஃப்ளாப்பி பேர்ட்' வந்தது. அதே ஆண்டு ஸ்வீடனின் ராபர்ட் டோபாலா 'ஜியாமெட்ரி டேஷ்' கொண்டுவந்தார். 2016-ல் நிண்டெண்டோவே மரியோவை ஒரு கையால் ஆடும்படி மாற்றி 'சூப்பர் மரியோ ரன்' வெளியிட்டது.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். பள்ளிக்கூட மைதானத்தில் ரெண்டு பேர் நீளக் கயிற்றைச் சுற்ற, நடுவில் நின்று தாண்டியிருப்பீர்கள். அங்கேயும் உங்களுக்கு ஒரே வேலைதான், தாண்டணும். கயிறு சுற்றுபவர்கள் வேகத்தைக் கூட்டும்போதுதான் ஆட்டமே சூடு பிடிக்கும். டைனோசர் ஆட்டத்தில் கயிறு சுற்றுவது நிரல்.

சரி, கஷ்டம் எங்கே இருக்கிறது?

நிரலில் இருக்கும் எண்களைப் பார்ப்போம். கணினித் திரைக்கான கணக்கு இது. ஆட்டம் நொடிக்கு 60 ஃபிரேம் என்ற அளவில் ஓடுகிறது. தொடக்க வேகம் ஒரு ஃபிரேமுக்கு 6 பிக்சல். ஒவ்வொரு ஃபிரேமிலும் வேகம் 0.001 கூடுகிறது. உச்ச வரம்பு 13.

0.001 என்பது கண்ணுக்கே தெரியாத அளவு. அதனால்தான் வேகம் கூடுவதை நீங்கள் கவனிப்பதில்லை. ஆனால் 6-லிருந்து 13-க்குப் போக 7,000 ஃபிரேம் போதும். அதாவது இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குள் வேகம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது.

இதை நேரமாக மாற்றினால் நிலைமை இன்னும் தெளிவாகும். ஆட்டப் பரப்பின் அகலம் 600 பிக்சல். இடது ஓரத்தில் நிற்கும் டைனோசருக்கும் வலது ஓரத்தில் தோன்றும் கள்ளிக்கும் நடுவே சுமார் 500 பிக்சல். தொடக்க வேகத்தில் இந்தத் தூரத்தைக் கடக்கக் கள்ளிக்கு ஏறக்குறைய 1.4 நொடி ஆகும். உச்ச வேகத்தில் 0.6 நொடியைச் சற்றே தாண்டும்.

எதையாவது பார்த்து விரலை அசைக்க நமக்குக் குத்துமதிப்பாகக் கால் நொடி வேண்டும். அது போனால் கையில் மிச்சம் அரை நொடிகூட இல்லை. அதற்குள் இது சின்னக் கள்ளியா, பெரிய கள்ளியா, தனியா, மூணு சேர்ந்ததா என்று பார்த்து முடிவெடுக்கணும்.

இதோடு முடியவில்லை. ஒரு முறை தாவினால் டைனோசர் அரை நொடிக்குச் சற்று மேல் காற்றில் இருக்கும். அந்த நேரத்தில் மறுபடி தாவ முடியாது. அதாவது நீங்கள் ஒவ்வொரு முறை பட்டனை அமுக்கும்போதும் அடுத்த அரை நொடியை அடகு வைக்கிறீர்கள். பயத்தில் கொஞ்சம் முன்னாடியே அமுக்கிவிட்டால், கள்ளி வரும் நேரத்துக்குக் கீழே இறங்கிக்கொண்டிருப்பீர்கள். நம்மில் பலர் தோற்பது லேட்டாகத் தாவியதால் அல்ல, அவசரப்பட்டதால்.

ஆக, இருப்பது ஒரே பட்டன் என்றாலும் முடிவுகள் மூன்று. எப்போது அமுக்குவது, எவ்வளவு நேரம் அமுக்கிப் பிடிப்பது, எப்போது அமுக்காமல் இருப்பது. ஆமாம், அமுக்கிப் பிடிக்கும் நேரத்துக்கும் பலன் உண்டு. சீக்கிரம் விரலை எடுத்தால் தாவல் குட்டையாகும், சீக்கிரம் தரைக்கு வருவீர்கள். இதுவே தெரியாமல் வருஷக்கணக்கில் ஆடியவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு ஓட்டத்தின் வரைபடம்

இந்த எண்களை வைத்து, நீங்கள் எங்கே எதைச் சந்திப்பீர்கள் என்று கணக்குப் போட முடியும்.

முதல் 3 நொடி: தடையே வராது. விரலைச் சரியாக வைத்துக்கொள்ளும் அவகாசம் இது.

ஒவ்வொரு 100 புள்ளிக்கும்: ஒரு சின்ன சத்தம், ஸ்கோர் மின்னும். கண்ணை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

சுமார் 450 புள்ளி: வேகம் 8.5-ஐத் தொடும்போது டெரோடாக்டைல் என்ற பறக்கும் உயிரி வரத் தொடங்கும். ஆட்டம் தொடங்கி 40 நொடி ஆகியிருக்கும்.

700 புள்ளி: திரை கறுப்பாகி இரவு வரும். வேகத்தில் எந்த மாற்றமும் இல்லை, நிறம் மட்டும்தான். ஆனால் பழகிய கண் தடுமாறும்.

சுமார் 1,650 புள்ளி: உச்ச வேகம். இதற்கு மேல் ஆட்டம் வேகமாவதே இல்லை.

இந்தக் கடைசித் தகவலை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். "போகப் போக இன்னும் வேகமாகும்" என்ற பயம்தான் பலரையும் பதற வைக்கிறது. 1,650-ஐத் தாண்டிவிட்டால், அங்கே உங்களைத் தோற்கடிப்பது உங்கள் கவனச் சிதறல்தான். பார்வையை டைனோசர் மேல் வைக்காமல் திரையின் வலது பாதியில் வைத்தால் பெரிய வித்தியாசம் தெரியும். டைனோசர் எங்கேயும் போகாது, அதைப் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

முடிவு உண்டா? டி-ரெக்ஸ் பூமியில் வாழ்ந்த காலமான 1.7 கோடி ஆண்டு ஓடினால் ஆட்டம் முடியும் என்று அதை உருவாக்கியவர்கள் வேடிக்கையாகச் சொன்னார்கள். உங்கள் ஸ்பேஸ் பார் அதுவரை தாங்காது என்பதையும் சேர்த்தே சொன்னார்கள்.

கஷ்டம், ஆனால் அநியாயம் இல்லை

ஒரு ஆட்டத்தைக் கஷ்டமாக்குவது ரொம்ப ஈஸி. தாண்டவே முடியாத மாதிரி இரண்டு தடைகளை ஒட்டி வைத்தால் போதும். ஆனால் அப்படித் தோற்றால் நீங்கள் மறுபடி ஆட மாட்டீர்கள், போனை உள்ளே வைத்துவிடுவீர்கள். தோற்றதும் "என் தப்புதான், இன்னொரு வாட்டி" என்று தோன்ற வேண்டும் என்றால், அது நிஜமாகவே உங்கள் தப்பாக இருக்கணும். அதற்கு ஆட்டத்தைச் செய்பவர் நேர்மையாக நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது. டைனோசர் ஆட்டத்தில் அந்த நேர்மை நிரலிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

முதலாவது, இடைவெளி. இரண்டு தடைகளுக்கு நடுவிலான குறைந்தபட்சத் தூரம் வேகத்தைப் பொறுத்துக் கூடுகிறது. ஒரு பெரிய ஒற்றைக் கள்ளிக்குப் பிறகு தொடக்கத்தில் குறைந்தது சுமார் 220 பிக்சல், உச்ச வேகத்தில் சுமார் 400 பிக்சல். பிக்சலில் கூடினாலும், நேரமாகப் பார்த்தால் 0.6 நொடியிலிருந்து 0.5 நொடியாகக் கொஞ்சம் குறைகிறது. அதாவது நெருக்கடி கூடும், ஆனால் வழி அடைபடாது.

இரண்டாவது, மோதல். டைனோசரைச் சுற்றி ஒரே பெரிய பெட்டி போட்டு, அதில் எது பட்டாலும் அவுட் என்று வைத்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. முதலில் பெரிய பெட்டியைப் பார்க்கிறது. அதில் பட்டால், தலை, உடம்பு, கால் என்று சின்னச் சின்னப் பெட்டிகளாகப் பிரித்து, நிஜமாகவே பட்டதா என்று சரிபார்க்கிறது. வாலுக்குக் கீழே இருக்கும் வெற்றிடத்தில் கள்ளி உரசினால் நீங்கள் அவுட் இல்லை.

மூன்றாவது, போன். போன் திரையின் அகலம் குறைவு, அதனால் தடையைப் பார்க்கும் நேரமும் குறையும். அதை ஈடுகட்ட, சின்னத் திரையில் வேகத்தையே குறைத்துக்கொள்கிறது.

நான்காவது விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கணினியில் டெரோடாக்டைல் மூன்று உயரங்களில் வரும். கீழே வந்தால் தாவணும். மேலே வந்தால் சும்மா ஓடலாம். நடு உயரத்தில் வந்தால் கீழ்நோக்கு அம்புக்குறியை அமுக்கிக் குனிந்து போகலாம். ஆனால் போனில் அம்புக்குறி பட்டனே கிடையாதே? அதனால் போனில் அந்த நடு உயரத்தையே எடுத்துவிட்டார்கள். பறவை ஒன்று கீழே வரும், இல்லையென்றால் மேலே வரும். குனியச் சொல்லிக் கேட்கவே கேட்காது. கையில் ஒரு பட்டன் மட்டும் இருப்பவரிடம் இரண்டு பட்டனுக்கான கேள்வியைக் கேட்கக் கூடாது என்ற முடிவு அது.

ஐந்தாவது, தோற்ற பிறகு. கள்ளியில் மோதும் அதே கணத்தில் நீங்கள் பதற்றத்தில் பட்டனை அமுக்கிக்கொண்டிருப்பீர்கள். அதை "மறுபடி ஆடு" என்று எடுத்துக்கொண்டால், எடுத்த ஸ்கோரைப் பார்க்கும் முன்பே அது போயிருக்கும். அதற்காகக் கொஞ்ச நேரம் அந்தத் தட்டலை ஆட்டம் கண்டுகொள்வதில்லை.

ஒற்றைப் பட்டன் எப்போது வலையாகிறது?

"ஒரு வாட்டி மட்டும்" என்ற அந்த உந்துதல் டைனோசருக்கு மட்டும் சொந்தமில்லை. டோங் ங்குயெனின் கதையைப் பாருங்கள். விளம்பரத்தில் நாளுக்கு 50,000 டாலர் வருமானம் என்று பேசப்பட்ட உச்சத்தில், 2014 பிப்ரவரியில் 'ஃப்ளாப்பி பேர்ட்' ஆட்டத்தை ஆப் ஸ்டோர்களிலிருந்து அவரே நீக்கினார். சில நிமிடம் இளைப்பாற ஆடுவதற்காகச் செய்தது போதைப் பொருளாகிவிட்டது என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

இதே ஒற்றைப் பட்டனில் பணத்தைக் கட்ட வைக்கும் ஆட்டங்களும் உண்டு. திரையில் விமானம் மாதிரி ஒன்று மேலே ஏறிக்கொண்டே போகும். அது காணாமல் போவதற்கு முன் பட்டனை அமுக்கினால் பணம், இல்லையென்றால் போச்சு. பார்க்க டைனோசர் மாதிரியே இருக்கும், நேரம் பார்த்துத் தட்டணும். ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம். கள்ளி வருவது உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. விமானம் எப்போது மறையும் என்பது தெரிவதில்லை. முதலாவதில் பழகப் பழகத் திறமை வளரும். இரண்டாவதில் எத்தனை மாதம் பழகினாலும் வளர ஒன்றுமில்லை, சம்பளம்தான் கரையும்.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் நாடு முழுவதும் தடை செய்தது. தமிழ்நாடு 2022-லேயே தனிச் சட்டம் கொண்டுவந்திருந்தது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். போனில் புது ஆட்டம் ஒன்றை இறக்கும்போது நீங்களே நாலு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்.

• தோற்றால் ஏன் தோற்றேன் என்று எனக்குத் தெரிகிறதா?
• நேற்றைவிட இன்று நன்றாக ஆடினால், அதற்குக் காரணம் நானா, நான் வாங்கிய பொருளா?
• மறுபடி ஆட விளம்பரம் பார்க்கச் சொல்கிறதா, பணம் கேட்கிறதா?
• நான் ஆடாமல் இருந்தால் நோட்டிஃபிகேஷன் அனுப்பிக் கூப்பிடுகிறதா?

டைனோசருக்கு லாகின் இல்லை, விளம்பரம் இல்லை, வாங்க ஒன்றுமில்லை. நீங்கள் ஆறு மாதம் ஆடாவிட்டாலும் அது கூப்பிடாது.

ஒரு பட்டன் யாருக்கு முக்கியம்?

நமக்கு ஒற்றைப் பட்டன் என்பது எளிமை, ஒரு ஸ்டைல். சிலருக்கு அது மட்டுமே சாத்தியம். இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் கடைசி ஆண்டுகளில் கன்னத் தசையின் அசைவு ஒன்றை வைத்துத்தான் கணினியை இயக்கினார். திரையில் எழுத்துகள் வரிசையாக ஒளிரும், சரியான நேரத்தில் கன்னத்தை அசைத்தால் அந்த எழுத்து. அதுவும் ஒற்றைப் பட்டன்தான், நேரம் பார்த்துத் தட்டுவதுதான்.

நம்ம பக்கத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய 'ஆவாஸ்', தலையசைப்பு, கையசைவு மாதிரியான சின்ன அசைவுகளைப் பேச்சாக மாற்றும் கருவியாகத் தொடங்கியது. பெருமூளை வாதம் உள்ள, பேச முடியாத குழந்தைகள் அதை வைத்துப் பேசத் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட ஒரு குழந்தையிடம் பத்து பட்டன் வேண்டிய ஆட்டத்தைக் கொடுத்தால், வேடிக்கை மட்டும்தான் பார்க்க முடியும். ஒரே பட்டன் ஆட்டத்தைக் கொடுத்தால் அண்ணன், அக்காவோடு போட்டி போடலாம்.

டைனோசர் ஆட்டத்திலும் இந்த அக்கறை பிறகு சேர்ந்தது. பார்வையற்றவர்கள் ஆடுவதற்கு, தடை நெருங்கும்போது ஒலி எழுப்பும் வசதி வந்தது. மெதுவாகத் தொடங்கும் தேர்வும் வந்தது.

நீங்களே ஒன்று செய்து பார்க்கலாமா?

பெங்களூருவில் இருந்துகொண்டு இந்தக் கேள்வி கேட்காமல் போனால் எப்படி? இந்தியாவின் முதல் கேம் நிறுவனங்களில் ஒன்றான 'துருவா இன்டராக்டிவ்' 1997-ல் தொடங்கியது இந்த ஊரில்தான். அனிமேஷன், கேமிங் துறைக்கென்று தனிக் கொள்கையை 2012-லேயே கொண்டுவந்த மாநிலம் கர்நாடகா. ஆனால் பெரிய ஸ்டுடியோவில் சேரணும் என்றில்லை. ஒற்றைப் பட்டன் ஆட்டம் என்பது கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்த ஒருவர் ஒரு சனி, ஞாயிறில் முடிக்கக்கூடிய வேலை. 'கோடோ', 'ஃபேசர்' மாதிரி இலவசக் கருவிகள் இருக்கின்றன.

1. முதலில் படம் வரையாதீர்கள். ஒரு பெட்டி, ஒரு தரை. பட்டனை அமுக்கினால் பெட்டி மேலே போகணும், ஈர்ப்பு அதைக் கீழே இழுக்கணும். ஒப்பிட்டுப் பார்க்க, டைனோசரின் ஈர்ப்பு ஃபிரேமுக்கு 0.6, தாவும் வேகம் 10-ஐ ஒட்டியது. தடையே இல்லாமல், சும்மா தாவுவதே நன்றாக இருக்கும்வரை இந்த இரண்டு எண்களையும் மாற்றிக்கொண்டே இருங்கள்.

2. அப்புறம் தடை. இடைவெளியை ஒரே எண்ணாக வைக்காமல் வேகத்தோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

3. மோதல் பெட்டி, வரைந்த உருவத்தைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்கட்டும். நூலிழையில் தப்பித்தேன் என்ற சந்தோஷம் அதில்தான் கிடைக்கும்.

4. வேகத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் கூட்டுங்கள், ஒரு உச்ச வரம்பும் வையுங்கள்.

5. தோற்றால் ஒரே தட்டலில் மறுபடி தொடங்கணும். நடுவில் மெனு வேண்டாம்.

முடித்ததும் ரூம்மேட்டிடமோ, ஊருக்குப் போகும்போது தங்கச்சியிடமோ போனைக் கொடுத்துவிட்டு எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்காருங்கள். இதுதான் கஷ்டமான பகுதி. "இங்க தட்டு" என்று சொல்ல வாய் துறுதுறுக்கும். சொல்லாதீர்கள். அவர் தோற்றதும் முகத்தைப் பாருங்கள். "என்னடா கேம் இது" என்றால் இடைவெளிக் கணக்கில் தப்பு. ஒன்றும் பேசாமல் மறுபடி தட்டினால் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.

கடைசியாக ஒன்று

நெட் போகும்வரை காத்திருக்க வேண்டாம். குரோமின் முகவரிப் பட்டையில், இணைய முகவரிக்கு முன்னால் வரும் அதே முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோட்டோடு, குரோம் என்றும் டைனோ என்றும் ஆங்கிலத்தில் அடித்தால் ஆட்டம் தனியாகவே திறக்கும். இப்படித் திறப்பதில் ஒரு லாபமும் உண்டு. நெட் இல்லாத பக்கத்தில் ஆடும்போது இணைப்பு திரும்பி வந்தால், குரோம் அந்தப் பக்கத்தைத் தானாகவே ரீலோட் செய்துவிடும். ஓடிக்கொண்டிருந்த ஆட்டம் அப்படியே போய்விடும்.

மெஜஸ்டிக்கில் இறங்கி எஸ்கலேட்டரில் மேலே வருகிறீர்கள். ஸ்கோர் 1,580. இன்னும் எழுபது புள்ளி எடுத்தால் உச்ச வேகம், அதற்குமேல் பயம் இல்லை என்று இப்போது உங்களுக்குத் தெரியும். சரியாக அந்த நேரத்தில் சிக்னல் வருகிறது, டிக்கெட் பக்கம் திறக்கிறது, டைனோசரைக் காணோம். பரவாயில்லை, ரயிலுக்கு நேரமாச்சு. கிருஷ்ணராஜபுரம் தாண்டி எங்கேயாவது மறுபடி நெட் போகும்.